பதினொரு நிமிஷப் பதிவு

குமாஸ்தா பென் டிரைவை லேப்டாப்பில் செருகிவிட்டு, சின்ன ஸ்பீக்கரைப் பட்டாபியின் பக்கம் நகர்த்தி வைத்தான். வக்கீல் அலுவலகத்து நீள மேஜை. சாட்சியம் பதிவு செய்யக் கோர்ட் நியமித்த அம்மாள் நடுவில். எதிரே சுபிக்ஷா, பட்டாபியின் பால்ய சிநேகிதன் ப்ரசன்னாவின் மனைவி. ப்ரசன்னா போய் நாலு வருஷமாகிறது. துக்கம் கேட்கப் போன பட்டாபியை அவள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். இன்று குரல்களை அடையாளம் சொல்லச் சாட்சிகளாக இருவரையும் வழக்குதான் ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறது.

சின்ன வயதில் தில்லி லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸில் பட்டாபிக்கும் ப்ரசன்னாவுக்கும் எதிரெதிர் வீடு. நாவல்பழம் கொட்டுகிற நாட்களில் பிளாட்பாரத்தில் பொறுக்கி, வெள்ளைச் சட்டையில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, இரண்டு அம்மாக்களிடமும் சேர்ந்தே அடி வாங்கியவர்கள். பின்னால் மின்சாரம் விற்கும் இரண்டு போட்டிக் கம்பெனிகளில், மறுநாளைக்கு எவ்வளவு, என்ன விலைக்கு என்று தினமும் சந்தைக்கு எழுதி அனுப்புகிற வேலை இருவருக்கும் அமைந்தது. போட்டிக் கம்பெனியோடு அதைப் பேசக்கூடாது என்பது விதி. ஆபீஸ் போன் பதிவாகும் என்பதும் தெரியும். ஆனால் தமிழில் பேசினால் இந்த ஊரில் யாருக்குப் புரியப்போகிறது? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனின் தொப்பையைப் பற்றி உரக்கப் பேசுகிற தில்லித் தமிழனின் அசட்டு தைரியம்தான்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் கடைசியில், இரண்டு கம்பெனிகளும் சொல்லிவைத்தாற்போல் பாதி மின்சாரத்தைச் சந்தைக்கு விடாமல் வைத்துக்கொண்டன. விலை எகிறியது. மின்சாரச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம் அபராதம் போட்டது. அது அரசாங்கத்துக்குப் போயிற்று. அந்த விலைக்கு வாங்க முடியாமல் குளிர்பதனக் கிடங்கை மூடி, வைத்திருந்த உருளைக்கிழங்கெல்லாம் அழுகக் கண்ட பெரியவருக்கு ஒன்றுமில்லை. அவர் விடவில்லை. தானே நஷ்டஈட்டு வழக்குப் போட்டு, அவர்கள் பேசிய பதினொரு நிமிஷ போன் பேச்சின் முழுப் பதிவையும் கேட்டு வாங்கிவிட்டார்.

ஆணையத்திடம் இருந்ததோ நாலு வரி இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. யார் முதலில் கேட்டது என்று அதில் இல்லை. ப்ரசன்னாதான் ஆரம்பித்தான் என்று அன்று பட்டாபி எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் நடந்தது என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டும் விட்டார். ப்ரசன்னாவுக்கு வேலை போயிற்று. இவர் கௌரவமாக ரிடையர் ஆனார்.

ஒரே கரகரப்பு, குரல் யாருடையது என்று தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பட்டாபியின் பழைய கம்பெனி வக்கீல் காலையிலேயே சொல்லியிருந்தார். பட்டாபியும் தலையாட்டியிருந்தார்.

குமாஸ்தா பட்டனைத் தட்டினான். கரகரப்பே இல்லை.

"டேய் பட்டா, நம்ம மரம் கொட்ட ஆரம்பிச்சுடுத்துடா. காலம்பற பஸ்லேர்ந்து பார்த்தேன். பிளாட்பாரம் பூரா ஊதா."

பட்டாபி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். அதே சிரிப்பு, அதே மூக்கடைப்பு. இந்தக் குரல் இனி எங்கேயும் கிடைக்காது என்றல்லவா நினைத்திருந்தார்!

"சாயங்காலம் வாயேன். சுபியையும் கூட்டிண்டு வரேன். நாம அடி வாங்கின கதையை நம்பவே மாட்டேங்கறா."

"அதெல்லாம் அப்பறம்டா. நாளைக்கு உங்க கம்பெனில எவ்வளவு போடறேள், அதைச் சொல்லு."

ப்ரசன்னாவின் சிரிப்பு நின்றது.

"அது வேண்டாம் பட்டா."

"ஜல்தி சொல்லுடா. யாருக்குப் புரியப்போறது?"

சுபிக்ஷா நிமிர்ந்து பார்த்தாள். குமாஸ்தா பதிவை நிறுத்தினான். எவ்வளவு என்று கேட்பது யார் குரல் என்று கோர்ட் அம்மாள் ஹிந்தியில் விசாரித்தார். கம்பெனி வக்கீல் ஒருமுறை இருமினார்.

"என் குரல்" என்றார் பட்டாபி. பிறகு எதிரே பார்த்துத் தமிழில் சொன்னார்: "கேட்டது நான்தான் சுபிக்ஷா. அவன் வேண்டாம்னான்."

கம்பெனி வக்கீல் பேனாவை மூடி வைத்தார். இனி வழக்கு என்ன ஆகும், நஷ்டஈட்டில் தன் வீடு என்ன ஆகும் என்று பட்டாபிக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிட, அன்று சாயங்காலம் தான் போகவே இல்லை என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

இதுபோதும் என்று குமாஸ்தா பென் டிரைவை எடுக்கப் போனான்.

"எடுக்காதீங்கோ, ஓடட்டும்" என்றாள் சுபிக்ஷா. பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டாள். ஆனாலும் தமிழ் தெரியாத அவனுக்குப் புரிந்தது.

மறுபடி ஓடிய பதிவில் ப்ரசன்னா தயங்கித் தயங்கி ஓர் எண்ணைச் சொன்னான். பிறகு குரல் தெளிந்தது.

"சரி, சாயங்காலம் வருவியோ இல்லையோ? வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுண்டு வந்துடாதே."

சுபிக்ஷா எட்டி, ஸ்பீக்கரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.