இருதயமேரியின் வால்வு ஆம்ப்

கிட்டார் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் அந்த ஆம்ப் இருதயமேரிக்கு எழுபத்து மூன்றாம் வருஷம் கிடைத்தது. பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது, சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற பெண்ணாயிற்றே என்று அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவுதான். பழுப்பு ரெக்ஸின் உறை, முன்னால் ஒரே ஸ்பீக்கர், பின்னால் பழைய ரேடியோவில் இருப்பதுபோல மூன்று கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வுகள் மெல்லச் சிவந்து, ஒரு முனகல் கேட்டு, அப்புறம்தான் சத்தம் வரும். மெதுவாக வாசித்தால் தெளிவாக இருக்கும்; அழுத்தி மீட்டினால் தொண்டை கட்டியது போல லேசாகக் கம்மும். அந்தக் கம்மல்தான் அவளுக்குப் பிடிக்கும்.

தென்னூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண ரிசப்ஷன், சர்ச் திருவிழா என்று சின்னச் சின்னக் கச்சேரிகள். குழு என்றாலும் நாலே பேர்தான். பாடுகிறவன் ஸ்ரீரங்கத்து அழகர்சாமி. மைக் செட் வைக்க வழியில்லாத இடங்களில் அவன் மைக்கையும் அவளுடைய ஆம்ப்பிலேயே செருகிவிடுவார்கள். ஒரே ஸ்பீக்கரிலிருந்து அவள் கிட்டாரும் அவன் குரலும் சேர்ந்து வரும்.

"கொஞ்சம் குறைச்சு வாசிங்க மேரி. உங்க கிட்டார் என்னை முழுங்குது" என்பான்.

"நீங்க கூட்டிப் பாடுங்க" என்பாள்.

இதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. எழுபத்தாறில் அவனுக்கு வடக்கே பிலாய் உருக்காலையில் வேலை கிடைத்தது. மற்ற மூவரும் ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போனார்கள். ரயில் நகர்ந்தபோது அவன் எல்லாரையும் பார்த்துக் கையசைத்தான். தன்னைத் தனியாக ஒருமுறை பார்த்தானா என்று அவள் வெகுகாலம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியபோது, தையல் மெஷினை விட்டுவிட்டு ஆம்ப்பைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அம்மா வியாகுலம்மாள் நாலு நாள் பேசவில்லை. பிறகு ஒரு வால்வு போனது. அரியமங்கலத்தில் பழைய ரேடியோக்களைப் பிரித்து விற்கிற ஒரு பட்டறைக்கு ஆறு மாதம் நடந்து அதற்கு ஜோடி தேடினாள். வந்த வரன்களை மட்டும் ஒவ்வொன்றாகப் போக விட்டாள்.

எண்பத்து நாலில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அழகர்சாமியின் தங்கையைப் பார்த்தாள்.

"அண்ணன் குடும்பத்தோட லீவுல வந்திருக்காருங்க. வியாழக்கிழமை கிளம்புறாங்க. வந்துட்டுப் போங்களேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு கையில் கிட்டார், ஒரு கையில் ஆம்ப்பாக மேரி ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள். எதற்காக இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று காவிரிப் பாலம் முழுக்க நினைத்தாள். திரும்பிவிடலாம் என்றும் நினைத்தாள். ஆனால் இறங்கவில்லை.

அழகர்சாமிக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. ஆம்ப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"இது இன்னும் உயிரோட இருக்கா!"

அவன் மனைவி பொன்னுத்தாய் காபி கொண்டுவந்தாள். "இது என்னங்க, ரேடியோவா?"

"கிட்டாருக்குங்க. உங்க வீட்டுக்காரர் பாட்டுக்கு நான்தான் வாசிப்பேன்."

பொன்னுத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "இவரு பாடுவாரா? கல்யாணமாகி ஏழு வருஷம் ஆச்சு. ஒரு வரி முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லையே!"

அழகர்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அதெல்லாம் மறந்துபோச்சு" என்றான்.

அவன் பிலாயில் யாருக்கோ பாடிக்கொண்டிருக்கிறான் என்றுதான் மேரி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். வயரைச் செருகி சுவிட்சைப் போட்டாள். முனகல் வந்தது. அவன் எப்போதும் முதலில் பாடும் பாட்டின் முன்னிசையை வாசித்தாள். அவன் சேர வேண்டிய இடம் வந்தது; சேரவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை சத்தத்தை நன்றாகக் குறைத்தாள்.

அவன் பாடினான். மைக் இல்லாமல், ஜன்னலைப் பார்த்தபடியே. முதல் வரியில் சுருதி விலகியது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டான். பல்லவி முடிவதற்குள் பொன்னுத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை பார்த்திராத ஓர் ஆளைப் பார்ப்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் திரும்பி அவளைப் பார்த்தான். சரணத்தை அவளைப் பார்த்தேதான் பாடினான்.

மேரி தலையைக் குனிந்து தந்திகளையே பார்த்து வாசித்தாள். ஒரு ஸ்வரம்கூடத் தவறவில்லை.

பஸ் ஸ்டாப்வரை பொன்னுத்தாய்தான் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "புதன்கிழமையும் வாங்கக்கா" என்றாள், கையை விடாமல்.

"வரேம்மா" என்றாள் மேரி. போகவில்லை.

பொங்கல் கழிந்து பிலாயிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. பொன்னுத்தாயின் கையெழுத்து. அங்கே தமிழர்கள் நடத்திய விழாவில் இவர் பாடினார், எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள், பின்னால் கிட்டார் வாசித்தவர்தான் சரியில்லை என்று வீட்டுக்கு வந்து இவர் சொன்னார் என்று எழுதியிருந்தாள்.

கடைசி வரியை மேரி இரண்டாம் முறை படித்தாள். பிறகு மூன்றாம் முறையும் படித்தாள்.