ஒரு கட்டிலுக்கு அளந்த அறை

“கேட்டனீரோ?”

“கேக்கத்தான் போனன். அவ கட்டிடக் கதையைத் தொடங்கிட்டா.”

“இண்டைக்கும் அத்திவாரமோ?”

“இல்லை, இண்டைக்குப் பூமியதிர்ச்சி வரைக்கும் வந்திட்டா.”

“அப்ப கெதியிலை கூரைக்கு வந்திடுவா. கூரைக்கு மேலை கதை இல்லைத்தானே, அப்ப கேளும்.”

இத்தாலிய நகரத்துப் பல்லரோச் சந்தையில், மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவே கணவன் ஏர்னஸ்ற் அப்படிச் சொன்னபோது செலஸ்ரீனாவும் சிரித்தாள். அது மாசிக் குளிரில். இப்போது ஜூன் வந்துவிட்டது. கோப்பிக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கும்போது அந்தச் சிரிப்பு நினைவில் வந்து சுட்டது.

அவர்களின் மகள் கிளறா கன்னியர் மடத்து விடுதியில் வளர்கிறாள். ஏர்னஸ்ற் பல ஆண்களோடு ஒரே அறையில் படுக்கிறான்; அங்கே பெண்பிள்ளையை வைத்திருக்க முடியாது. செலஸ்ரீனாவோ வேலைசெய்யும் வீட்டிலேயே தங்கவேண்டும். இந்தக் கோடையோடு விடுதியை மூடிப் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள மெசீனா நகருக்கு அனுப்பப்போகிறார்கள். சமையலறைக்குப் பின்னாலுள்ள தன் அறையில் கிளறாவையும் படுக்கவைக்கலாமா என்பதுதான் அவள் கேட்க நினைத்தது.

வீட்டு எசமானி சின்யோராவின் இறந்துபோன கணவர்தான் அந்த வீடு இருக்கும் இந்த மாடிக் கோபுரத்தைக் கட்டிய எஞ்சினியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகரத்தில் முதன்முதலாக எழுந்த உயர்ந்த கட்டிடம் இது என்று சின்யோரா எல்லோருக்கும் சொல்வாள். செலஸ்ரீனா வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கதை குறுக்கே வந்துவிடும்.

ஒருவரிடம் உதவி கேட்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று வளர்ந்தவள் செலஸ்ரீனா. முதலில் பயத்தம்பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். சின்யோரா அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாயிற்காவலனுக்குத் தள்ளிவிட்டாள். பிறகு அந்தக் கதையையே மனப்பாடம் செய்து கொண்டுபோய் ஒப்புவித்தாள். தன் கணவரின் பெருமையை இன்னொரு வாயிலிருந்து கேட்டால் மனம் இளகாதா? இளகவில்லை. சின்யோராவுக்கு விருந்தினருக்குக் காட்ட ஒரு விளையாட்டுப் பொருள் கிடைத்தது.

“வா, தொடங்கு,” என்று இன்றும் விருந்தினர் முன்னால் சின்யோரா கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினாள்.

செலஸ்ரீனா சுவரோரம் நின்று தொடங்கினாள். இடிக்கப்பட்ட பழைய வீடுகள். அங்கிருந்து நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள். கொங்கிறீற்றுத் தூண்கள், அவற்றை மூடிய வெள்ளைக் கல். ஞாயிறு பூசை முடிந்து அண்ணாந்து பார்க்க வந்த கூட்டம். அறுபத்தெட்டில் பூமி ஆடியபோது நகரமே தெருவில் படுத்தது, இங்கே ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. முன்பக்கம் பளிங்குப் படியும் பெரிய லிப்டும். பின்பக்கம் குப்பைக்கும் வேலைக்காரருக்கும் ஒரு சின்ன லிப்ட். இரண்டு வழிகளும் எங்கும் சந்திப்பதில்லை.

அவள் உச்சரிப்பைக் கேட்டு ஒரு சீமாட்டி வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். “சவுக்காரம் விழுங்கிய கிளி மாதிரி!” என்றார் ஒரு வழக்கறிஞர். பிறகு, “நீ எந்தப் பக்கம் படுக்கிறாய்?” என்று கேட்டார்.

சின்யோராவே பதில் சொன்னாள்.

“அவள் அறையை என் கணவர் தன் கையாலேயே அளந்தார். ஒரு கட்டில், ஒரு சிலுவை. இன்னொருவர் நிற்கக்கூட இடமில்லாமல் வரைந்தார். இல்லாவிட்டால் இவர்கள் குடும்பத்தையே இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.” செலஸ்ரீனாவைப் பார்த்துப் புன்னகைத்தாள். “இல்லையா, செலஸ்ரீனா?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தான் என்ன கேட்க வருகிறாள் என்பது சின்யோராவுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்கத் தெரிந்துகொண்டுதான் அத்திவாரம் தோண்டியிருக்கிறாள்.

“ஏன் நிறுத்திவிட்டாய்? கூரைக்கு வா.”

செலஸ்ரீனா கூரைக்கு வந்தாள். அங்கிருந்து தேவாலயக் கூம்புகள் தெரியும், கடல் தெரியும், பெல்லெக்ரீனோ மலை தெரியும். மடத்து முற்றமும் தெரியும்; அது கதையில் இல்லை. ஒவ்வொரு மாலையும் கிளறா அந்த முற்றத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கை அசைப்பாளாம். அம்மாவும் அசைக்கிறாள் என்று சிநேகிதிகளிடம் சொல்வாளாம். செலஸ்ரீனாவின் யன்னலுக்கு முன்னால் இருப்பது புகைபடிந்த சுவர் மட்டுந்தான்.

கதை முடிந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். சின்யோரா காலிக் கிண்ணத்தை நீட்டினாள்.

செலஸ்ரீனா அதை வாங்கவில்லை. மனப்பாடம் செய்யாத இத்தாலியச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள்.

“சின்யோரா, என் மகள் கிளறா என்னோடு படுக்கட்டும். அந்தக் கட்டிலில் நாங்கள் இரண்டு பேரும் ஒடுங்கிப் படுத்துக்கொள்வோம்.”