நானூற்று எண்பது வினாடி

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் கத்தி பிடிப்பவர் குருமூர்த்தி டாக்டர். ஆனால் இதயத்தை எப்போது நிறுத்தலாம் என்று சொல்கிறவள் நான். இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். என் பெயர் பொற்கொடி. இதயத்தில் அறுவை நடக்கிற நேரத்தில் நோயாளியின் இரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் இயந்திரம் என் பொறுப்பு. நாங்கள் அதைப் பம்ப் என்போம்.

இரத்தம் ஒரு ரோஷக்காரப் பிறவி. உடம்பை விட்டு வெளியே வந்து பிளாஸ்டிக்கைத் தொட்டால் போதும், உறையப் பார்க்கும். அதைத் தடுக்க முதலில் ஹெப்பாரின் என்ற மருந்தை ஏற்றுவோம். பிறகு கொஞ்சம் இரத்தம் எடுத்து, உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று ஒரு சிறு கருவியில் பார்ப்போம். மருந்துக்கு முன் நூற்றிருபது, நூற்று முப்பது காட்டும். மருந்துக்குப் பின் நானூற்று எண்பதைத் தாண்டினால்தான் எங்கள் தியேட்டரில் பம்ப் ஓடும். அதற்குக் குறைவாக ஓட்டினால் குழாய்க்குள் இரத்தக் கட்டி சேரும். அது மூளைக்குப் போனால் ஆள் பிழைத்தாலும் பழைய ஆளாக எழுந்திருக்க மாட்டார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அந்த எண்ணை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேஜையில் படுத்திருந்தவர் கோவிந்தப்பன். ஐம்பத்தாறு வயது, கெலமங்கலத்துப் பக்கம் ரோஜாத் தோட்டம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் மூன்று அடைப்பு, ஒரு வால்வில் கசிவு. இரண்டு வாரத்துக்கு முன்பே சேரச் சொல்லியிருந்தோம். பிப்ரவரி பதினாலு காதலர் தினத்துக்கு மொட்டு அனுப்பும் நேரம், தோட்டத்தை விட்டு வர முடியவில்லை என்றார்கள். ஓசூரில் ரோஜாக்காரர்கள் அப்படித்தான், ஊரான் காதலுக்காகத் தங்கள் இதயத்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று நானும் சிரித்துக்கொண்டேன்.

முந்தின நாள் வார்டுக்குப் போய் எடை, உயரம் எழுதினேன். அவர் இடது கையில் ஊசி குத்திய நீலத் தழும்புகள் இருந்தன. கேட்டதற்கு, “காச்சலுங்க மேடம். எங்கூர்லயே ட்ரிப்ஸ் போட்டாங்க” என்றார். எழுதிக்கொண்டேன்.

அதற்குச் சற்று முன்புதான் பக்கத்துப் படுக்கைக்காரர் பெங்களூருவில் ஒரு தடவை காட்டிவிட்டு வரலாமா என்று என்னிடம் கேட்டிருந்தார். “தாராளமாப் போங்க. ஜூஜுவாடி எல்லையைத் தாண்டினதும் டாக்டருங்களுக்கு ரெண்டு மூளை முளைச்சிருமாமே!” என்றேன். வார்டே சிரித்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று இந்த எல்லை ஊரில் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கொஞ்சம் காரமாகவே சொல்வேன்.

செவ்வாய் காலை மார்பைத் திறந்தாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் ஸ்ரீராம் எடைக்குத் தக்க ஹெப்பாரினை ஏற்றினார். கருவியைப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினெட்டு.

இன்னொரு கருவியிலும் பார்த்தேன். அதேதான். மேலும் மருந்து ஏற்றினோம். முந்நூற்று ஐம்பத்திரண்டு. எனக்குக் கோபம் மருந்துக் கிடங்கின் மேல் திரும்பியது. அங்கே இருக்கும் ஆஞ்சப்பனைத் தொலைபேசியில் பிடித்து, மருந்தை வெயிலில் காய வைத்தாயா என்று ஒரு பிடி பிடித்தேன். பாவம், உடனே புதுப் பெட்டி அனுப்பினான். அதையும் ஏற்றினோம். முந்நூற்று எழுபத்தொன்று.

“பிரஷர் எறங்குது” என்றார் ஸ்ரீராம். “மருந்துல தாங்கிப் பிடிச்சிருக்கேன். ரொம்ப நேரம் முடியாது.”

குருமூர்த்தி டாக்டர் என்னைப் பார்த்தார். “பொற்கொடி, நானூறு இருந்தா ஓட்டுற இடம் எத்தனையோ இருக்கு.”

“இங்க நானூறே வரலையே சார். வந்தாலும் நம்ம கணக்கு நானூத்தி எண்பதுதான்.”

“இந்த மனுஷன் மேஜையிலேயே போயிட்டா?”

“ஓட்டினாலும் போவாரு சார், என் பம்புல போவாரு. நான் ஓட்ட மாட்டேன்.”

அப்படிச் சொன்னாலும் பயந்தேன் என்பதை மறைப்பானேன். ஆனால் பயத்தோடும் யோசிக்கத் தெரியும். ஹெப்பாரின் தனியாக வேலை செய்யாது. இரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் கூடச் சேர வேண்டும். ஏற்கெனவே நாள் கணக்கில் ஹெப்பாரின் ஏறிய உடம்பில் அந்தப் புரதம் குறைந்துபோயிருக்கும். அப்புறம் வாளி வாளியாக ஊற்றினாலும் பலன் இல்லை. இரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவை ஏற்றினால் அந்தப் புரதமும் சேர்ந்து ஏறும். ஆனால் இவருக்கு ஹெப்பாரின் யார் போட்டது? நீலத் தழும்பு ஞாபகம் வந்தது.

“சார், ஃப்ரீசர்ல இருக்கிற பிளாஸ்மாவுல ரெண்டு பை உருக்கச் சொல்லுங்க. நான் அவர் வீட்டம்மாகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்” என்று சொல்லி, பம்பை உதவியாளர் மாதவனிடம் விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

கோவிந்தப்பனின் மனைவி வெங்கடம்மாள் கதவோரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“அம்மா, அவருக்கு வேற எங்கயாவது வைத்தியம் பார்த்தீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“நெஞ்சைத் திறந்து வச்சிருக்கோம். மருந்து புடிக்க மாட்டேங்குது. நீங்க சொல்றதுலதான் அவர் உசுரு இருக்கு.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “பெங்களூருங்க. எட்டு நாளு அங்க சேர்த்திருந்தோம். கையில மெசினு வச்சு ராத்திரி பகலா மருந்து ஏத்துனாங்க. இரத்தம் கட்டாம இருக்குறதுக்குன்னாங்க. அங்கயும் ஆபரேசன்னுதான் சொன்னாங்க. கிட்டத்துல பாத்துக்கலாம்னு இங்கயே வந்துட்டோம்.”

“ஏன்மா சொல்லல?”

“நேத்து அந்தப் பக்கத்துக் கட்டில்காரரை அத்தன பேரு முன்னால கேலி பண்ணீங்களே. அவுரு சொல்லாதேன்னுட்டாரு. டாக்டரு கோவிச்சுக்கிட்டு வேண்டாம்னுட்டா எங்க போவோம்?” கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். “உங்க வூட்டுல ஒருத்தருக்கு இப்பிடின்னா, நீங்க ஒரே எடத்துல கேட்டுட்டு இருந்துருவீங்களா மேடம்?”

இரண்டு வருடத்துக்கு முன் என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது குருமூர்த்தி டாக்டர்தான் பார்த்தார். மாத்திரை போதும், அறுவை வேண்டாம் என்றார். மறுநாளே அத்தை மகன் கல்யாணம் என்று பொய் சொல்லி விடுப்பு வாங்கி, அப்பாவை அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் மாத்திரைதான் சொன்னார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட இருந்தவரோ உள்ளே மேஜையில் கிடந்தார்.

உள்ளே போய்ச் சொன்னேன். எட்டு நாள் ஹெப்பாரின் என்றதும் ஸ்ரீராம் முதலில் காலைப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். சிலருக்கு அந்த மருந்தே இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை அழித்துவிடும். இவருக்கு எண்ணிக்கை குறையவில்லை. அப்படியென்றால் குறை புரதத்தில்தான். பிளாஸ்மா உருகி வரும்வரை ஸ்ரீராம் பிரஷரை விடாமல் பிடித்து வைத்திருந்தார். குருமூர்த்தி டாக்டர் திறந்த மார்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, என் மேல் எரிந்து விழாமல் நின்றார். அவர் அளவில் அது பெரிய காரியம். பைகள் வந்தன. இரண்டும் ஏறின.

கருவியின் எண் ஓடியது. முந்நூற்று எழுபத்தொன்றைத் தாண்டியது. நானூறு. நானூற்று எண்பது. ஐந்நூற்று இருபத்துமூன்றில் நின்றது.

“சார், போகலாம்.”

இரண்டு மணி இருபது நிமிடம் பம்ப் ஓடியது. அரை மணிக்கு ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஒருமுறையும் எண் நானூற்று எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. கோவிந்தப்பனின் இதயம் தானாகத் துடிக்க ஆரம்பித்தபோது முகக்கவசத்துக்குள் பைத்தியம்போலச் சிரித்தேன்.

மறுநாள் காலை அவர் கண் விழித்துக் கஞ்சி கேட்டார் என்று வெங்கடம்மாள் வந்து சொன்னாள். ஆஞ்சப்பனிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆபரேஷன் அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடம் மட்டும் மீதி இருந்தது.

“நோயாளி மறைத்துவிட்டார்னு எழுதிடு” என்றார் குருமூர்த்தி டாக்டர்.

பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. “அப்புறம் எழுதறேன் சார்” என்று மூடி வைத்தேன்.

வியாழக்கிழமை ஆபரேஷனுக்குச் சூளகிரியிலிருந்து ராஜலட்சுமி என்ற அம்மா வந்திருந்தார். குருமூர்த்தி டாக்டரும் நானும் சேர்ந்தே வார்டுக்குப் போனோம். எடை எழுதினேன், உயரம் எழுதினேன்.

“வேற எங்கயாவது காட்டினீங்களாம்மா?”

“இல்ல மேடம்.” அவருடைய கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாக இங்கேதான் என் வாய் திறக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் டாக்டர் நிற்பது தெரியும்.

“எங்கப்பாவை நான் பெங்களூர்லதாம்மா ரெண்டாவது தடவ காட்டினேன். இந்த டாக்டர்கிட்டயே சொல்லாம, கல்யாணத்துக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போனேன். இதுவரைக்கும் அவருக்குத் தெரியாது.”

திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ராஜலட்சுமி கணவரைப் பார்த்தார். அவர் மெல்லத் தலையணையைத் தூக்கி, அடியில் இருந்த பெரிய பழுப்பு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

டாக்டர் என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். உறையைப் பிரித்தேன். மருந்துப் பட்டியலில் மூன்றாவது வரி: ஹெப்பாரின், ஆறு நாள்.