குழை கட்டிய கம்புகள்

மக்டலினுக்கு வந்த ஆத்திரத்துக்கு வாவித் தண்ணீரே கொதித்திருக்க வேண்டும். சரணாலயத்துக்குள், அதுவும் ஆம்பல் பூத்துக் கிடக்கும் மூலையில், யாரோ நான்கு கம்புகளை நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை இலைக் குழை. குழை கட்டிய கம்பென்றால் கீழே வலை கிடக்கிறது, துடுப்புப் போடாதே என்று அர்த்தம். அது இந்த வாவிக்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பறவை பார்க்க வருகிறவர்களைச் சின்னப் படகுகளில் கூட்டிப்போவதுதான் அவள் பிழைப்பு. இன்னும் சற்று நேரத்தில் சரணாலய அதிகாரி ரிஸ்கான் வந்து பார்த்துத்தான் அடுத்த வருட அனுமதியைக் கொடுப்பார். வலை கிடந்தாலோ, படகுகளால் கூடு குழம்பினாலோ அனுமதி கிடையாது.

படகிலிருந்து குனிந்து ஒரு கம்பைப் பிடுங்கினாள். வலை இல்லை. அடுத்ததிலும் இல்லை. கையை விட்டுத் துழாவினால் வெறும் பாசிதான் வந்தது. ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. இல்லாத வலைக்கு எந்த விசரன் மினக்கெட்டுக் குழை கட்டுவான்?

"புடுங்காதகா!"

சம்புப் புல்லுக்குள்ளிருந்து தோணியில் வந்தான் யோகராசா. அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், மீன்பிடிக்கிறவன். இந்த மூலை சரணாலயமாகி வலை போடத் தடை வந்ததிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"வலையே இல்ல. பிறகென்னத்துக்கு இது?"

"குழையக் கண்டா நீ வரமாட்டாய்தானே. வாயால சொன்னாக் கேப்பியா? அங்க பார்."

அழுகிய பாசிக் குவியல் ஒன்று மிதந்தது. முக்குளிப்பான் பறவை ஒன்று அதில் ஏறி, அலகால் பாசியை விலக்கியது. உள்ளே நான்கு முட்டைகள்.

"வெளிக்கிடக்குள்ள மூடிட்டுத்தான் போகும். பாத்தா குப்பை மாதிரித்தான் கிடக்கும்."

ஏழு வருடமாகப் பறவை காட்டுகிறவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எத்தனை நாளில் பொரிக்கும், பொரித்தவுடன் குஞ்சு நீந்துமா என்றெல்லாம் கேட்க வாயெடுத்தவளுக்குப் போன கிழமை நினைவு வந்தது. படமெடுக்க விடாமல் ஆம்பலை மறைக்கிறது என்று வந்தவர்கள் சொல்ல, இதே மாதிரி ஒரு குவியலைத் துடுப்பால் கவிழ்த்துவிட்டது அவள்தான்.

"அப்ப... நான் தள்ளினது?"

"ஓம். அதுவும் கூடுதான்."

அவள் பிடுங்கிய கம்புகளைத் திரும்ப நட்டுக் குழையை இறுக்கிக் கட்டினாள். கட்டி முடிக்கவும் அதிகாரியின் படகுச் சத்தம் கேட்டது. யோகராசா சம்புக்குள் மறைந்தான்.

ரிஸ்கானும் வாவிக்கரைக்காரர். குழையைக் கண்டதும் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"ஆரோ வலை போட்டிருக்கான். ஆளைக் காட்டித் தாங்க, உங்கட அனுமதிக்கு ஒண்டும் வராது." பேனையை எடுத்தார். "பேர் என்ன?"

ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும், அடுத்த வருடமும் படகு ஓடும். சம்புப் புல் அசையவேயில்லை.

"வலை இல்ல சேர், அதுக்குள்ள கூடு கிடக்கு. போன கிழமை இன்னொரு கூட்டைக் கவிட்ட ஆளிட பேரை எழுதுங்க," என்றாள். "மக்டலின்."