ஆயிரக்கணக்கான இரசிகப் பெருமக்களே

அமெரிக்காவிலிருந்து வந்த மின்னஞ்சலைச் சாரங்கா வாசித்துச் சொல்லவில்லை. சோற்றுக்கோப்பையைத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் தகப்பன் பக்கம் திருப்பி வைத்தாள். இரத்தினசிங்கம் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒஹாயோவில் ஒரு சிறிய பல்கலைக்கழகம். அதன் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் கெல்சி என்ற பெண். சாரங்கா அனுப்பிய காணொளியைப் பார்த்தாளாம். அகில ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தில், ஆயிரக்கணக்கான இரசிகர்களுக்கு முன்னால், டென்மார்க் தேசத்தின் இரும்பு அரணாக நின்று பெனால்டியைத் தடுத்த ஒருத்திக்குத் தங்கள் ஊர் மைதானம் சிறியதாகப் போய்விடுமோ என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. படிப்பும் தங்குமிடமும் தந்து எடுக்க யோசிக்கிறார்கள். வியாழக்கிழமை பெற்றோருடனும் காணொளியில் கதைக்கலாமா என்று கேட்டிருந்தாள்.

இரத்தினசிங்கம் இரண்டு தரம் வாசித்தார். இரண்டாவது தரம் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது.

"என்ரை அறிவிப்பு அமெரிக்காவரைக்கும் போயிருக்கு," என்றார்.

"அப்பா, அண்டைக்கு வந்தது நாப்பது பேர்," என்றாள் சாரங்கா.

அது ஓகஸ்ட் மாதம் டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் நடந்த சுற்றுப்போட்டி. நடத்தியது இரத்தினசிங்கம் தலைவராக இருக்கும் விளையாட்டுக் கழகம். நான்கு அணிகள் டென்மார்க்கிலேயே இருந்தன. சுவீடனின் மால்மோவிலிருந்து ஒரு வான் வண்டியில் ஓர் அணி, ஜெர்மனியிலிருந்து இன்னொரு வான் வண்டியில் இன்னோர் அணி. இரண்டு வான்கள் எல்லை கடந்து வந்ததால் அது அகில ஐரோப்பியக் கிண்ணம். அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையில் ஆண்கள் கொத்துரொட்டி சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு மகளிர் காட்சிப் போட்டி வைத்தார்கள். கோல் காக்க ஆளில்லை என்று சாரங்காவைக் கூப்பிட்டார்கள். சாமத்தியவீட்டுச் சடங்குகளுக்குப் படம் பிடிக்கும் பிரதீபன் மூன்று கமெராவோடு வந்திருந்தான். அவள் பெனால்டியைத் தடுத்ததை மூன்று கோணத்தில், மெதுவாக, ஓரத்தில் ரோசாப்பூ விழ எடுத்திருந்தான். அவளுடைய டேனிஷ் கழக ஆட்டங்களை எவரும் ஒழுங்காக எடுத்ததில்லை. ஆகவே ரோசாப்பூக்களை வெட்டிவிட்டு அதையே அனுப்பினாள். காணொளித்தளம் தன்பாட்டில், படத்தில் கேட்கும் அப்பாவின் அறிவிப்பை ஆங்கிலமாக்கிக் கீழே ஓடவிடும் என்று அவள் நினைக்கவில்லை.

இரத்தினசிங்கம் வேலை செய்வது பாண் சுடும் தொழிற்சாலையில். எட்டு மணித்தியாலம் காதுகளை மூடும் கவசம் போட்டுக்கொண்டு, விரலாலும் புருவத்தாலும் கதைக்கும் வேலை. கிழமை முழுக்க உள்ளே தேங்கியதெல்லாம் மைக்கைக் கண்டதும் செந்தமிழாக வெளியே வரும். "ஆயிரக்கணக்கான இரசிகப் பெருமக்களே" என்றுதான் முப்பது வருடமாகத் தொடங்குகிறார். ஒருமுறை ஆலங்கட்டி மழை பெய்து, எஞ்சியிருந்தவர்கள் அவரும் ஒலிபெருக்கிக்காரரும் மட்டும் என்றான பிறகும் அப்படித்தான் தொடங்கினார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவில் பேசும் பேச்சு, அமெரிக்கர்களுக்கு உதைபந்தாட்டம் பார்க்கத் தெரியாது என்பதைப் பற்றியது. அமெரிக்காவுக்கு அவர் போனதில்லை என்பது அந்தக் கோட்பாட்டைப் பழுதுபடாமல் வைத்திருந்தது. தொண்ணூறு நிமிடம் ஒரு கோலும் விழாத ஆட்டத்தை இருந்து பார்க்க ஒரு நாகரிகம் வேண்டும். அமெரிக்கனுக்கு ஐந்து நிமிடத்துக்கொருதரம் ஏதாவது விழவேண்டும், இடையில் விளம்பரம் வேண்டும், மடியில் பெரிய பெட்டியில் சோளப்பொரி வேண்டும். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்போல் என்று பெயர் வைத்தவன், காலால் ஆடுவதைச் சொக்கர் என்கிறான். சொக்கர் எங்கள் சிவபெருமானின் திருநாமம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. இந்த இடத்தில் கைதட்டல் வரும். வருகிற கோடையில் உலகக் கிண்ணமே அந்த நாட்டில் நடக்கப்போவதை அவர் தன்னைக் கேளாமல் எடுத்த முடிவாகவே கருதினார். இப்போது அதே நாடு மகளைக் கேட்கிறது.

"அங்கை போய் ஆருக்கு முன்னால விளையாடுறது? சோளப்பொரிக்கு முன்னாலயோ?" என்று கேட்டுப் பார்த்தார்.

சாரங்கா ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். கெல்சியின் மைதானம். மரத்தாலான படிகளில் மனிதர்கள் தோளோடு தோள் முட்ட இருந்தார்கள். எண்ணத் தொடங்கிய இரத்தினசிங்கம் மூன்றாவது வரிசையில் கைவிட்டார்.

"எனக்குப் போகவேணும்," என்றாள். வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் செலவழிக்காத பிள்ளை. அதில் இரண்டு டேனிஷாக இருக்கும். பிறகு, எப்போதோ யோசித்து வைத்ததுபோலச் சொன்னாள். நாற்பது பேர் என்ற உண்மையை அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டும். பொய்யில் ஏறி விமானத்தில் இருக்க அவள் தயாரில்லை.

அறிவிப்பில் சொல்வது பொய்யில் சேராது, அது மரபு என்று இரத்தினசிங்கம் விளக்கினார். பட்டத்து யானை வருகிறது என்று பாடினால் யானையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மனைவி தங்கமலர் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, முப்பது வருசமாக இவர் சனத்தை மைக்குக்குள்ளால்தானே கூட்டிவருகிறார் என்றாள். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. யார் சொல்வதையும் முழுதாகக் கேட்டுவிட்டு மெதுவாகத் திருத்திவிடும் பழக்கம் அங்கே வந்தது.

"சொன்னது நீங்கள். நீங்களே சொல்லுங்கோ," என்றாள் சாரங்கா. "இல்லாட்டி நான் போகேல்லை."

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு இரத்தினசிங்கம் கழகத்தின் கழுத்துப்பட்டியும் கோட்டும் போட்டு, வெற்றிக் கிண்ணங்கள் அடுக்கிய அலுமாரி பின்னால் தெரியும்படி கதிரையைத் திருப்பி வைத்து உட்கார்ந்தார். கிண்ணங்களில் பாதி, பரிசு பெற்ற அணி எடுத்துப்போக மறந்தவை. திரையில் வந்த கெல்சி தொப்பி போட்டுக்கொண்டு, பந்துப் பைகளுக்கு நடுவில் ஒரு களஞ்சிய அறையில் இருந்தாள். அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த வரவேற்புரையின் இரண்டாவது வசனத்திலேயே அவள் சிரித்துக்கொண்டு குறுக்கே வந்தாள். உங்கள் சுற்றுப்போட்டிக்கு வழக்கமாக எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்று கேட்டாள்.

தங்கமலர் அவரைப் பார்த்தாள். சாரங்கா விரலில் சுற்றியிருந்த ஒட்டுத்துணியின் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று இரத்தினசிங்கத்துக்குத் தெரிந்தது. வாய் அதற்குப் பழகியிருந்தது. சொன்னால் அந்தப் பெண் நம்புவாள், மகள் எழும்பிப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அந்தப் பெண் போய்விடலாம்.

"போர்ட்டி," என்றார். பிறகு, தொடங்கியதை அரைகுறையாக விடமுடியாமல், கொத்துரொட்டிக் கடையில் நின்றவர்களையும் சேர்த்துத்தான் அந்த நாற்பது என்றார். ஐரோப்பா என்பது இரண்டு வான் என்றார். இரும்பு அரண் என்ற பட்டத்தைத் தேசம் கொடுக்கவில்லை, தான் கொடுத்தது என்றார்.

கெல்சி வாயைக் கையால் மூடினாள். தோள்கள் குலுங்கின. சத்தம் அறுந்துவிட்டதோ என்று இரத்தினசிங்கம் திரைக்குக் கிட்டக் குனிந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்பது வருடத்துக்கு முன்னால் தான் அந்த ஊருக்கு வந்து நடத்திய முதல் ஆட்டத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள் என்றாள். அவர்களில் ஐந்து பேர் நாய்ப் பயிற்சி வகுப்பு என்று நினைத்து வந்தவர்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டாயிரம்.

"எப்படி?" என்று கேட்டார் இரத்தினசிங்கம். அந்தக் கேள்வியில் செந்தமிழும் இல்லை, தலைவரும் இல்லை.

எல்லாம் செய்து பார்த்தார்களாம். ஒலிபெருக்கி வைத்தார்கள், இலவசச் சட்டை கொடுத்தார்கள், ஒருவனுக்குக் கரடி உடுப்புப் போட்டு ஓடவிட்டார்கள். கரடியைப் பார்த்துச் சின்னப்பிள்ளைகள் அழுததுதான் மிச்சம். பிறகு ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வேலியோரம் போய் நின்று வந்தவர்களோடு கதைக்கச் சொன்னாள். அவ்வளவுதான். இரும்புக்கடை நடத்தும் அம்மாவுக்கு இடதுபக்கத் தடுப்பாட்டக்காரியின் சோதனை எப்போது என்று இப்போது தெரியும். கோல் விழுமா என்று பார்க்க அவர்கள் வருவதில்லை, தெரிந்த பிள்ளை நிற்கிறாளா என்று பார்க்க வருகிறார்கள் என்றாள். போன வருடம் மழையில் ஓர் ஆட்டம், பூச்சியத்துக்குப் பூச்சியம். ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

"பூச்சியத்துக்குப் பூச்சியமோ?" என்று இரத்தினசிங்கம் தமிழிலேயே கேட்டுவிட்டார். சாரங்கா மொழிபெயர்த்தாள். கெல்சி ஓம் என்று தலையாட்டினாள். ஒரு கோட்பாடு, முப்பது பரிசளிப்பு விழாக்களைத் தாங்கியது, சத்தமில்லாமல் சரிந்தது.

கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். நாற்பது பேர் அவளுக்குப் பிரச்சினையில்லை. ஒரு முழு ஆட்டம் வேண்டும், அறிவிப்பு இல்லாமல், திங்கட்கிழமைக்குள். உங்களுடைய குரல் அருமையான குரல், சேர், என்றாள். ஆனால் அதற்குக் கீழே மகளின் குரல் ஓரிடத்திலும் கேட்கவில்லை. முழு மைதானமும் தெரிகிற ஒரே ஆள் கோல்கீப்பர். அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். கதைக்காத கோல்கீப்பரைத் தன்னால் எடுக்கமுடியாது.

திரை இருண்டதும் சாரங்கா மேலே போய்விட்டாள். இரத்தினசிங்கம் கழுத்துப்பட்டியைக் கழற்றாமல் குசினிக்குள் வந்தார். உண்மை சொல்லி வந்த ஆபத்தைவிட இது பெரிதாகத் தெரிந்தது. இந்தப் பிள்ளைக்கு ஓமுக்கு யா, இல்லைக்கு நை என்ற இரண்டையும் விட்டால் வேறு சொல் ஏது.

"அவள் கதைக்கமாட்டாளப்பா. சரிவராது," என்றார்.

தங்கமலர் தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள். "இந்த வீட்டில ஆருக்கு இடம் கிடந்தது கதைக்க?"

சனிக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்குக் கழகத்தின் நிர்வாகக் கூட்டம். சாரங்காவின் ஆட்டங்களும் அதே நேரம்தான் என்பதால், ஒன்பது வயதிலிருந்து அவள் டேனிஷ் கழகத்துக்கு ஆடிய ஓர் ஆட்டத்தையும் அவர் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை தங்கமலருக்கு வேலை. ஆட்டத்தைப் படம் பிடிக்க வேறு ஆளில்லாமல் செயலாளர் பாலேந்திராவை அழைத்து, கூட்டத்துக்கு வரமுடியாது என்றார். "பிரச்சினையில்லை அண்ணை," என்றார் பாலேந்திரா உற்சாகமாக, "அப்ப அரை மணித்தியாலத்தில முடிச்சிடலாம்."

மைதானத்துக்குப் போகும் வழியில் சாரங்கா கைத்தொலைபேசியை அவர் கையில் வைத்தாள். ஒன்றும் சொல்லக்கூடாது, இருமவும் கூடாது என்றாள்.

வேலியோரம் பதினொரு பேர் நின்றார்கள், ஒரு நாய். இரத்தினசிங்கம் அவளுடைய கோலுக்குப் பின்னால், சற்று ஓரமாக நின்று, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தார். தொடக்க விசில் அடித்ததும் 'பெருமக்களே' தொண்டைவரை வந்தது; விழுங்கினார். முதல் ஐந்து நிமிடம் அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. மைக் இல்லாமல் ஓர் ஆட்டத்தை எந்தப் பக்கத்தால் பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. பயிற்சியாளர் என்று நினைத்துப் பக்கவாட்டில் பார்த்தார். பயிற்சியாளர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். குரல் முன்னாலிருந்து வந்தது. வலப்பக்கம் போகச் சொன்னது, ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைத்தது, திரும்பு, நேரமிருக்கிறது என்றது, கோலடியை விட்டு முன்னால் ஏறுங்கள் என்றது. எல்லாம் டேனிஷ். ஆனால் வசனத்தின் நுனியில் ஒரு தூக்கல் இருந்தது, கடைசிச் சொல்லை மைதானத்தின் மறுகரைக்கு எறிவதுபோல. முப்பது வருடமாக மைக்கில் அப்படி எறிந்து வந்தவருக்கு அதை இன்னொரு வாயில் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மைதானத்தில் எங்கோ ஒரு பெண் இடம் மாறினாள். அவருடைய சொல்லுக்கு ஒரு நாளும் ஒருவரும் இடம் மாறியதில்லை.

முப்பதாவது நிமிடம் ஒரு கோல் விழுந்தது. சாரங்கா சேற்றில் முகங்குப்புறக் கிடந்தாள். இனி வாய் திறக்கமாட்டாள் என்று இரத்தினசிங்கம் நினைத்தார். அவள் எழும்பினாள். தலையைக் குனிந்து நின்ற தடுப்பாட்டக்காரியிடம் போய், அது உன் பிழையில்லை, நான் பிந்திவிட்டேன் என்றாள். கையுறைகளைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்து மீண்டும் கத்தத் தொடங்கினாள்.

பக்கத்தில் நின்ற முதிய டேனிஷ்காரர், நீங்கள் அவளுடைய தகப்பனோ என்று கேட்டார். இரத்தினசிங்கம் தலையை மட்டும் ஆட்டினார். தனக்கு இந்த அணியில் சொந்தக்காரர் எவரும் இல்லை, எதிர்ப் பக்கத் தெருவில் வீடு, அவளுடைய சத்தம் கேட்டு ஒருநாள் எட்டிப் பார்த்ததிலிருந்து தான் மூன்று வருடமாக வருவதாகச் சொன்னார் அந்த மனிதர். பதில் சொல்ல இரத்தினசிங்கத்திடம் எத்தனையோ இருந்தது. திரையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு, இன்னும் ஓரடி அந்த மனிதருக்குக் கிட்டப்போய் நின்றார்.

இரண்டாம் பாதியில் மழை தூறியது. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் எதிரணிக்கு ஒரு கோர்னர். கோலுக்கு முன்னால் இரண்டு நிறச் சட்டைகளும் ஒரே குவியலாக நெருக்கிக்கொண்டன. பந்து மூலையிலிருந்து உயர எழும்பி, காற்றில் சற்றுத் தயங்கி, உள்ளே வளைந்தது.

"மீன்!"

தொழிற்சாலையிலும் கடையிலும் இத்தனை வருடம் கேட்ட டேனிஷ் சொல்தான். என்னுடையது என்று பொருள். ஆனாலும் அந்த ஒரு கணம் அவருக்கு மீன் என்றே கேட்டது, சந்தை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி. குவியலிலிருந்த அவளுடைய ஆட்கள் அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டாகப் பிரிந்து விலகினார்கள். பந்து இன்னும் மேலேதான் இருந்தது. அதன் கீழே திறந்த வெறும் புல்லில், சேறு அப்பிய இரண்டு கையுறைகள் விரிந்தபடி எழும்பிக்கொண்டிருந்தன.