கவுண்டரில் நீல மாத்திரை

அந்தமானில் ஹேவ்லாக் தீவுப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அகிலாவுக்கு மூன்று நாளாக ஒரே வேலைதான். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, பதினொன்றுக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை மைக்கைப் பிடித்து, போர்ட் பிளேர் போட் ரத்து என்று சொல்ல வேண்டும். கடல் கொந்தளிப்பில் இருந்தது. எச்சரிக்கை நீங்க இன்னும் மூன்று நாள் ஆகும் என்று செய்தி வந்திருந்தது. இந்தியில் அதைச் சொல்லும்போது அவள் குரல் மரக்கட்டை மாதிரி இருக்கும். இருபது வருடப் பழக்கம். அந்தக் குரலிடம் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அந்தக் குரலில் ஒரு சின்ன நடுக்கம். ரத்தான போட்டில்தான் அவளுடைய பார்சலும் வந்திருக்க வேண்டும்.

கைப்பையில் 'விட்டமின்' என்று எழுதிய டப்பா ஒன்று இருந்தது. அதில் இருந்தது விட்டமின் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதே என்று சென்னைக்குப் போனாள். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம் என்று சொல்லி, வேளைக்கு ஒன்றாக மூன்று வேளையும் போடச் சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில்டெனாபில். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, "வீட்டுக்காரருக்காம்மா?" என்றான். கல்யாணமே செய்துகொள்ளாத அகிலா, "ஆமா" என்றாள். நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் அவளுக்குப் புருஷன் இருந்தது அந்த அரை நிமிடம்தான்.

ஆண்கள் படுக்கையறைக்காக மறைத்து மறைத்து வாங்கும் அந்த மாத்திரையை இந்தத் தீவில் தன் அளவுக்கு விழுங்கியவர் யாரும் இருக்க முடியாது என்று நினைத்து அவள் சில நாள் தனியாகச் சிரித்துக்கொள்வாள். ஆனாலும் மாதா மாதம் போர்ட் பிளேரிலிருந்து பார்சல் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி டப்பாவில் போட்டுவிட்டு, அட்டையை எரித்துவிடுவாள். நோயைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. மருந்தின் பெயரைச் சொல்லத்தான் வெட்கம்.

டப்பாவில் இப்போது இரண்டு இருந்தன. மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று.

பதினொரு மணி அறிவிப்பு முடிந்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஷோபனா நாகர்கோவில்காரி; தீவுக்கு வந்து ஆறு மாதம். சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இங்க ஸ்டாக் இல்ல மேடம். பிரசவத்துக்கு வர்றவங்களுக்கும் தென்னை மரத்துலருந்து விழுறவங்களுக்கும் தேவையானதுதான் வெச்சிருக்கோம்."

"மூணு நாள் போடாம இருந்தா என்ன?"

"கூடாது. பட்டுனு நிறுத்தினா அழுத்தம் எகிறிடும். இந்தக் காத்துல ஹெலிகாப்டரும் வராது. அப்புறம் நான் கையைப் பிசைஞ்சிட்டு நிக்கணும்."

அகிலா ரொம்ப நாளாக யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "அதெப்படி டாக்டர், அதுக்கும் இதுக்கும் ஒரே மருந்து?"

டாக்டர் சிரித்தாள். "ரத்தக்குழாயைத் தளர்த்துறதுக்கு நம்ம உடம்பே ஒரு பொருள் செய்யுது. ஒரு நொதி வந்து அதைத் தின்னுடும். இந்த மாத்திரை அந்த நொதியோட வாயைக் கட்டுது, அவ்வளவுதான். அந்த நொதி நுரையீரல்லயும் இருக்கு, கீழயும் இருக்கு. மருந்துக்கு மேல கீழ தெரியாது. முதல்ல நெஞ்சுவலிக்குத்தான் செஞ்சு பார்த்தாங்க. நீலம் பாரிச்சுப் பொறக்குற குழந்தைங்களுக்குக்கூடக் குடுக்குறோம். ஆம்பளைங்க நடுவுல புகுந்து பேரைக் கெடுத்துட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அகிலாவுக்கு மிகவும் பிடித்தது.

டாக்டர் மருந்துக்கடை விஜயனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்பது மில்லில நாலு ஸ்ட்ரிப் இருந்துச்சு டாக்டர். போட் நின்ன அன்னிக்கே காலி. மழை, வெளிய போக வழியில்ல, டிவியும் இல்ல. ஜனங்க என்ன பண்ணும்?"

"யாரு வாங்கினா?"

"அதை மட்டும் கேக்காதீங்க. பேரைச் சொன்னா அப்புறம் என் கடைப்பக்கம் யாரு வருவா? எல்லாம் ஊர்க்காரங்கதான்."

"சீட்டு இல்லாமலா வித்தீங்க?"

"ஹலோ... ஹலோ... சிக்னல் கட் ஆவுது டாக்டர்..."

ஐம்பது மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்து மூன்று வேளையும் போட்டு இந்த மூன்று நாளையும் ஓட்டிவிடலாம், ஆனால் சீல் உடையாத நல்ல அட்டையாக இருக்க வேண்டும், தன் கண்ணில் காட்டாமல் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். ஊருக்குள் மாத்திரை இருந்தது. யார் அலமாரியில் என்பதுதான் தெரியவில்லை.

கவுண்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் மிக்கேல் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். டைவிங் கம்பெனிப் படகுக்கு சேராங், அதாவது படகை ஓட்டுகிறவர். மனைவி இறந்து ஆறு வருடம். கடல் மூடிக் கிடந்ததால் அவருக்கு வேலையில்லை, பெஞ்சும் டீயும்தான். துறையில் இருக்கும் ஆண்களையெல்லாம் அண்ணே என்று கூப்பிடும் அகிலா, இவரை மட்டும் சேராங் என்றுதான் கூப்பிடுவாள். ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவருமே.

"சேராங், ஒரு உதவி. விஜயண்ணன் கடை வரைக்கும் போகணும்."

"போலாமே. என்ன வாங்கணும்?"

வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அங்கிருந்து அது வேறு வேஷம் போட்டுக்கொண்டு வெளியே குதித்தது.

"ஒரு டில்லி டூரிஸ்ட்டு. அறுபது வயசு. அவருக்கு ஒரு மாத்திரை அவசரமா வேணுமாம். விஜயண்ணன்கிட்ட வாங்கினவங்க யாராவது நாலஞ்சு குடுத்தா..." மாத்திரையின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினாள்.

மிக்கேல் படித்தார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"அறுபது வயசா?"

"ஆமா. புதுசா கல்யாணம்."

"அவரு உங்ககிட்ட வந்து கேட்டாரா?"

"டிக்கெட் கேக்க வந்தப்போ சொன்னாரு."

"அச்சா," என்றார் மிக்கேல். அந்த 'அச்சா'வில் அவளுக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று இருந்தது. குடையை விரித்துக்கொண்டு போனார்.

ஒரு மணிக்கு நனைந்து திரும்பி வந்தார். "விஜயன் அஞ்சு பேருக்குப் போன் போட்டான். ஒருத்தனும் அசையல. 'நான் என்ன டில்லிக்காரனுக்கா வாங்கினேன்'னு ஒருத்தன். 'தூங்கச் சொல்லு, உடம்புக்கு நல்லது'ன்னு ஒருத்தன். தேங்கா மண்டி ராஜமாணிக்கம் அண்ணாச்சி, 'கடலைப் பாக்கத்தானே வந்தான், கடலைப் பாக்கச் சொல்லு'ன்னு..." சட்டென்று நிறுத்தினார். "அவரு பேரைச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் கேக்கல," என்றாள் அகிலா.

"அந்த ஆளுக்காக நீங்க ஏன் இவ்ளோ மெனக்கெடுறீங்க?"

அகிலா 'விட்டமின்' டப்பாவைத் திறந்தாள். மதிய மாத்திரையை விழுங்கினாள். டப்பாவில் ஒன்றே ஒன்று உருண்டு சத்தம் போட்டது.

டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போய்விட்டு மூன்று படி ஏறும்போது மூச்சு நின்று நின்று வந்தது. வழக்கம்போலக் கடலைப் பார்ப்பதுபோல நின்றாள். இரண்டு வருடமாக இப்படித்தான். இந்த அம்மாவுக்குக் கடல் என்றால் உயிர் என்று துறையில் பேர் எடுத்திருந்தாள். மழைத்திரைக்குப் பின்னால் கடலே தெரியாத அன்றும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தான் செய்வது எவ்வளவு அபத்தம் என்று அவளுக்குத் தோன்றியது. நாளை மறுநாள் இங்கேயே விழுந்தால் எல்லோரும் சுற்றி நின்று, ஐயோ பாவம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பார்கள். சொல்லாமல் காப்பாற்றிய மானத்தை வைத்துக்கொண்டு அவள் அப்போது என்ன செய்வாள்? ஊர் சிரிக்கும் என்பது பெரிய விஷயமில்லை. ஊர் எப்போதும் சிரிக்கும். பெஞ்சில் இருக்கும் ஒரு ஆள் சிரித்தால்தான் கஷ்டம்.

டாக்டருக்குப் போன் செய்தாள். "மைக்ல சொல்லிடட்டுமா?"

"சூப்பர் மேடம். நான் ஆட்டோல வர்றேன். கூடவே இன்னொண்ணும் சொல்லணும், எழுதிக்குங்க."

இரண்டு மணிக்கு மைக் கரகரத்தது. "யாத்ரீகண் க்ருபயா த்யான் தேங்." பயணிகள் கவனிக்கவும். போட் வழக்கம்போல ரத்து. அதே மரக்கட்டைக் குரலில், அதே இந்தியில் அவள் தொடர்ந்தாள். டிக்கெட் கவுண்டர் ஊழியர் அகிலாவுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்த நோய். அதற்கு வேண்டிய மருந்து சில்டெனாபில். ஆம், நீங்கள் நினைக்கும் அதேதான். மூன்று நாளுக்குத் தேவை. வைத்திருப்பவர்கள் இரண்டாம் நம்பர் கவுண்டரில் கொடுக்கலாம். திரை இறக்கியிருக்கும். பெயர் கேட்கப்பட மாட்டாது. டில்லிக்காரர் என்று யாரும் இல்லை. பிறகு டாக்டர் எழுதச் சொன்னது: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர்கள் இந்த மருந்தைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து, அவர்கள் முதலில் வந்து கொடுக்கவும். தன்யவாத்.

மைக்கை அணைத்தாள். துறையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. திரையின் ஓரமாகப் பார்த்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது.

சரி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நுரையீரலில் இல்லாத வேறொரு இடத்தில் ஏதோ அழுத்தியது. அதற்கு மாத்திரை கிடையாது.

கால் மணி நேரம் கழித்து, திரைக்குக் கீழே ஒரு கை நுழைந்தது. டிக்கெட் பாரத்தில் மடித்த அட்டைத் துண்டு, நாலு மாத்திரை. "என் ஃப்ரெண்டோடது," என்றது திரைக்கு அந்தப் பக்கம். இருபது வருடமாக அந்த டிக்கெட் ஓட்டையில் கைகளையே பார்த்தவளுக்கு, அந்தப் பச்சைக்கல் மோதிரம் யாருடையது என்று தெரியாதா? உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த கை, "ரூம் காலி பண்ணின டூரிஸ்ட்டு விட்டுட்டுப் போனது" என்றது. அடுத்தது ஒன்றுமே சொல்லாமல் அட்டையைப் போட்டுவிட்டு ஓடியது. ஓடும்போது செருப்பு கழன்று, அதை எடுக்கத் திரும்பி வந்து, மறுபடி ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். வந்ததையெல்லாம் கண்ணாடி போட்டுப் பார்த்து, தேதி முடிந்ததையும், குதிரைப் படம் போட்ட பேர் தெரியாத ஒன்றையும் குப்பையில் போட்டாள்.

பிறகு ஒரு கை வந்தது. வளையல் போட்ட கை. முழு ஸ்ட்ரிப், ஒன்று மட்டும் குறைந்திருந்தது.

"அகிலா, நான்தான்." தேங்காய் மண்டி ராஜமாணிக்கத்தின் மனைவி மங்கையர்க்கரசி. மற்றவர்கள்போல அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நாக்குக்கடியில வெக்கிற மாத்திரை இவரு சட்டைப்பையில எப்பவும் இருக்கு. ரெண்டும் சேரக்கூடாதுன்னு நீ சொன்னதும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. அலமாரியக் கொடைஞ்சு எடுத்தேன். மனுசன் வெள்ளிக்கிழமை ஒண்ணு போட்டிருக்காரு!"

டாக்டர் எழுந்து திரையைத் தூக்கிவிட்டாள். "வலி வந்து அந்த மாத்திரையை வெச்சாரா? மயக்கம் வந்துச்சா?"

"வைக்கல டாக்டரம்மா. நல்லாத்தான் இருக்காரு. இப்பத்தான் கொஞ்சம் நல்லா இல்ல, நான் பேசின பேச்சுல."

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

"காதைப் புடிச்சு இழுத்துட்டு வர்றேன்." மங்கையர்க்கரசி ஓட்டை வழியாக முகத்தைக் குனிந்து நீட்டினாள். "அகிலா, போட் வந்து உன் மருந்து வந்துட்டாலும் இதைத் திருப்பிக் குடுத்துடாத தாயி. உனக்கு மூச்சு விடணும். எனக்குத் தூங்கணும்."

அகிலாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டராலும் முடியவில்லை. மூன்று பெண்கள் சிரித்த சத்தம் மைக் இல்லாமலே துறை முழுக்கக் கேட்டிருக்கும்.

நாலரை மணிக்கு டாக்டர் மாத்திரைகளைப் பாதி பாதியாக உடைத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். தேவைக்கு மேலேயே இருந்தது. மிச்சத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும்படி அகிலா சொல்லியும், நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று டாக்டர் விட்டுவிட்டாள். அகிலா திரையை இறக்கி ஜன்னலைப் பூட்டினாள். பயம் போய்விட்டது. மீதி இருந்தது அந்தக் காலி பெஞ்ச்.

கதவு தட்டப்பட்டது. ஜன்னல் இல்லை, கதவு. திறந்தால் மிக்கேல், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வெறுங்கையோடு.

"என்கிட்ட இல்ல," என்றார்.

"என்ன இல்ல?"

"அதுதான். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டி வரைக்கும் தேடினேன். வாங்கினதே இல்லன்னு எனக்கே தெரியும். இருந்தும் தேடினேன். அப்புறம் அஞ்சாம் நம்பர் கிராமம் வரைக்கும் நடந்து நாலு பேரைக் கேட்டேன். எல்லாரும் அதுக்குள்ள இங்க வந்து குடுத்துட்டானுங்க. ஓட்டையில போட ஒண்ணுமில்ல, அதான் கதவுக்கு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. முகத்தில் கோபம் மாதிரி ஏதோ இருந்தது.

"எனக்குன்னு முதல்லயே சொல்லாதது தப்புதான்," என்றாள்.

"தப்பில்லையா பின்ன? கடைக்குப் போய் வர்ற வழியெல்லாம் அந்த டில்லிக்காரனை எந்த ரிசார்ட்டுன்னு தேடிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"சும்மா. ஆளு எப்படி இருக்கான்னு பாக்க." கழுத்தைத் தடவிக்கொண்டார். "நீங்க யாருக்கும் இப்படி ஓடினது இல்லையே. அதான்."

அகிலாவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் சிரித்தாள். இல்லாத ஒரு கிழவன் மேல் இந்த மனுஷர் மத்தியானம் முழுக்கப் பொறாமைப்பட்டு மழையில் அலைந்திருக்கிறார். சிரிக்கச் சிரிக்க மூச்சு முட்டியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கடல் பக்கம் திரும்பவில்லை.

"மூச்சு வாங்குது," என்றாள் அவரிடமே. "கொஞ்சம் நில்லுங்க."

நின்றார். அவள் மூச்சு சீராகும்வரை, வேறெங்கும் பார்க்காமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "டிரங்குப் பெட்டியில தேடினீங்களே. நிஜமாவே வாங்கினதே இல்லையா?"

"மாதா மேல சத்தியமா இல்ல."

"தேவைப்படாமலா, இல்ல தேவைப்படுமான்னே தெரியாமலா?"

ஐம்பத்திரண்டு வயது சேராங்கின் காது மடல் சிவந்ததை அகிலா நிதானமாக, ரசித்துப் பார்த்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டை நுனியைப் பிழிந்து, மறுபடி பிழிந்தார்.

"போட் வர மூணு நாள் ஆகும்னு சொன்னீங்கல்ல," என்றார் கடைசியில். "அதுக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்."