ஏன்னா சாரின் கேக்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை டெக்னீஷியனுக்கு, வரவேற்பில் இருக்கும் அக்கா வைத்த பெயர் "ஏன்னா சார்". தாமதமாக வந்தாலும், கையுறை இல்லாமல் ஊசியைத் தொட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். நியாயப்படுத்துவது என்ற சொல்லை நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அது இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்கு வந்து போவதை இங்கேதான் பார்த்தேன். நியாயமான காரியத்தை அவர் ஒருநாளும் விளக்கியதில்லை. விளக்க அப்படி ஒன்றும் இருந்ததுமில்லை.

காலையில் முதலில், அளவு தெரிந்த ஒரு மாதிரியை மெஷினில் ஓட்டுவோம். கன்ட்ரோல் என்போம். அது சரியாக வந்தால்தான் மற்றவர்களின் ரத்தத்தை ஏற்றலாம். அன்று நூறு காட்ட வேண்டிய சர்க்கரை நூற்று நாற்பது காட்டியது.

மெஷினைத் திறந்தேன். நிறமற்ற பரிசோதனைத் திரவம் கெட்டு, லேசாக ரோஜா நிறமாகியிருந்தது. வேறு பாட்டில் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், பாட்டில்கள் இருக்கும் தட்டில் ஒரு கேக் பெட்டி. குளிரிலேயே இருக்க வேண்டிய பாட்டில்கள் ஸ்டெரிலைசருக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பாக நின்றன.

"சார், இதெல்லாம் நேத்திலேருந்து வெளியிலயா இருக்கு?"

"ஏன்னா பொண்ணுக்குப் பொறந்தநாள்மா. கேக் உருகிடும்ல."

"கன்ட்ரோல் நூத்தி நாப்பது வருது."

"அது பழைய கன்ட்ரோலா இருக்கும். ஆளுங்க காத்திருக்காங்க, ஏத்து."

நான் நகரவில்லை. அவரே ஏற்றினார்.

பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பிலேயே நின்றார். நூற்று முப்பத்தெட்டு.

"போன வருஷம் தொண்ணூத்தெட்டுக்கா. இத ஆபீஸ்ல குடுத்தா நாளைக்கு ஸ்டீயரிங்கத் தொட விடமாட்டாங்க. புள்ளைங்க ஏறுற வண்டி."

"இரு, சாரே வர்றாரு. காரணத்துக்கு நம்ம கடைல பஞ்சமே இல்ல" என்றார் அக்கா.

ஏன்னா சார் வந்தார். "ஏன்னா வயசாகுதுல்லண்ணே. டென்ஷன், தூக்கம் கெடுறது. நேத்து இனிப்பு ஏதாவது உள்ள போயிருக்கும். வாயக் கட்டணும்."

அவருடைய மீசை ஓரத்தில் கிரீம் ஒட்டியிருந்தது.

நான் உள்ளே போனேன். கேக் பெட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு பாட்டில் தப்பியிருந்தது. அதை வைத்து கன்ட்ரோலை ஓட்டினேன். நூறு. ஓட்டுநரின் ரத்தம் குழாயில் மிச்சமிருந்தது; அதையும் ஏற்றினேன். தொண்ணூற்றாறு.

புது ரிசல்ட்டை ஓட்டுநரிடம் நீட்டியதும், அவரை முந்திக்கொண்டு சார் அதை வாங்கிப் பார்த்தார். "பாத்தீங்களாண்ணே? ஏன்னா நம்ம லேப்ல சந்தேகம்னு வந்தா ரெண்டு தடவ பாத்துருவோம்."

ஓட்டுநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாருக்கணும் சார்."

எனக்கு அந்நியர்கள் முன்னால் குரல் வராது. அன்று வந்தது, கொஞ்சம் கீச்சென்று.

"இல்லண்ணா. கேக் வைக்கிறதுக்காக மருந்த வெளிய எடுத்து வெச்சுட்டாங்க. முதல் ரிசல்ட் தப்பு. காலைல சர்க்கரை பாத்த எல்லாருக்குமே தப்பு."

ஓட்டுநர் கையை மெதுவாக விடுவித்து பேன்ட்டில் துடைத்தார். "எனக்கு வாயக் கட்டச் சொன்னீங்களே சார்" என்று மட்டும் சொன்னார். அக்கா அதற்குள் போனை எடுத்து, காலையில் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

சாயங்காலம் சார் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் பெருந்தன்மை வழிந்தது.

"நீ அப்படிப் பேசினத நான் தப்பா எடுத்துக்கலம்மா. ஏன்னா நீ சின்னப் பொண்ணு, அனுபவம் இல்ல."

என்னையும் நியாயப்படுத்திவிட்டார்.

புதுப் பாட்டில்கள் வந்திருந்தன. மிச்சக் கேக்கைப் பெட்டியோடு எடுத்து அவர் நாற்காலியில் வைத்துவிட்டு, அவற்றை ஃபிரிட்ஜில் அடுக்கினேன். கேக் உருகத் தொடங்கியிருந்தது.